பாதியில் நின்ற 96 பேர்

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2021இல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். டிமென்ஷியா என்கிற மறதிநோய் கண்டவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மனைவி, மகள், மகன், மருமகள் ஆகியோருக்கு இணையவழியாகப் பயிற்சி கொடுத்தால் அவர்களுடைய மனச்சோர்வும் சுமையும் குறையுமா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 151 பேர் சேர்ந்தார்கள். மூன்று மாதம் கழித்து நடந்த கடைசி மதிப்பீடு வரை நின்றவர்கள் 55 பேர்.

மற்ற 96 பேர் எங்கே போனார்கள்?

ஆய்வுக் கட்டுரைகளில் இதை ஒரு சதவீதமாக எழுதிவிட்டு அடுத்த அட்டவணைக்குப் போய்விடுவார்கள். என்னால் போக முடியவில்லை. இவர்கள் தெருவில் நிறுத்திக் கேட்கப்பட்டவர்கள் அல்ல. கையில் இணைய வசதி உள்ளவர்கள். வீட்டில் இருப்பவருக்கு வந்திருப்பது நோய் என்று தெரிந்தவர்கள். உதவி வேண்டும் என்று தாங்களாகவே பதிவு செய்துகொண்டவர்கள். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, வெளியே போக வேண்டியதில்லை, எந்த நேரத்திலும் படிக்கலாம். அப்படியும் மூன்றில் இரண்டு பேர் நின்றுபோனார்கள் என்றால், அந்த வீடுகளில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதை அந்த எண்ணே சொல்கிறது.

முதலில் பயிற்சியைப் பார்ப்போம், ஏனென்றால் அது நன்றாகச் செய்யப்பட்ட ஒன்று. ஐசப்போர்ட் என்று பெயர். உருவாக்கியது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பகுதிகள், 23 பாடங்கள். டிமென்ஷியா என்றால் என்ன என்பதற்கு ஒரே ஒரு பாடம்தான். பார்த்துக்கொள்பவராக இருப்பது பற்றி 4, தன்னையும் கவனித்துக்கொள்வது பற்றி 3, சாப்பாடு, குளியல், கழிப்பறை போன்ற அன்றாடக் காரியங்கள் பற்றி 5. மீதி 10 பாடங்களும் நடத்தை மாற்றங்களைப் பற்றியவை. தூங்காமல் இருப்பது, கேட்டதையே கேட்பது, வெளியே நடந்து போய் வழி தெரியாமல் நிற்பது, இல்லாததைப் பார்ப்பது, அடிக்கக் கை ஓங்குவது. இந்த விகிதத்தை வகுத்தவர்களுக்கு வீடு தெரிந்திருக்கிறது. பெயர்தான் மறதிநோய்; வீட்டில் இருப்பவர்களை உடைப்பது மறதி இல்லை. பேரன் பெயர் மறந்ததற்காக யாரும் இரவில் அழுவதில்லை. 'என் வளையலை நீதான் எடுத்தே' என்று பெற்ற தாய் சொல்லும்போதுதான் அழுகிறார்கள்.

ஒவ்வொரு பாடமும் ஒரு குடும்பத்தின் கதையோடு தொடங்கும். இந்த இடத்தில் அந்த மகள் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டுச் சில வழிகளைக் காட்டும். ஒன்றைத் தேர்ந்தால், அது ஏன் உதவும் அல்லது ஏன் உதவாது என்று விளக்கம் வரும். நிம்ஹான்ஸ் குழு இதை இந்தியக் குடும்பங்களுக்கு ஏற்ப மாற்றி, பெயர்களையும் வழக்கங்களையும் சூழலையும் திருத்தி அமைத்துத்தான் ஆய்வுக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பாடங்கள் எவ்வளவு தேவை என்பதை நான் என் குடும்பத்தில் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா கல்யாணமாகி வந்து ஐம்பது வருஷம் வாழ்ந்தது தஞ்சாவூரில் ஒரே வீட்டில்தான். கடைசி நாலைந்து வருஷம், விளக்கு வைக்கிற நேரமானால் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "நேரமாயிடுச்சு, எங்க வீட்டுக்குப் போகணும்." அவர் மகள், எங்கள் எல்லாருக்கும் மூத்த அக்கா, "இதுதாம்மா உன் வீடு" என்பார். ஒரு நாள் ரேஷன் கார்டை எடுத்து வந்து முகவரியைப் படித்துக் காட்டினார். பெரியம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரோடதோ, கொண்டுபோய்க் குடுத்துடு" என்றார். கதவைப் பூட்டினால் கதவைத் தட்டுவார். தடுத்தால் கடிப்பார்.

ஏழெட்டு மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் வாதாடத் தெம்பில்லாமல், "அங்க யாரும்மா இருப்பாங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறார். பெரியம்மா சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கிணற்றடி, திண்ணை, பள்ளிக்கூடம் விட்டு வரும் தம்பி, மாடு கறக்க வரும் ஆள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அரை மணி நேரம் போனது. பிறகு காபி குடித்தார். இருட்டிவிட்டதால் காலையில் போகலாம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அன்றிலிருந்து அக்கா வீடு எது என்று வாதாடுவதை விட்டுவிட்டு, அந்த வீட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புவார்கள். நோய் குறையவில்லை; சாயங்காலம் மாறியது.

இதைத்தான் பயிற்சி சொல்கிறது. சொல்லின் பொருளோடு வாதாடாதே, அதற்குப் பின்னால் உள்ள தவிப்பைக் கேள். அக்கா என்னிடம் பின்னாளில் சொன்னார்: "இதை யாராவது முதல் மாசமே சொல்லியிருந்தா, அம்மாவை நான் அந்த வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்." எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. முதல் மாதம் அவர்கள் போன மருத்துவர், வயசானால் இப்படித்தான் என்று ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அப்படியானால் 96 பேர் ஏன் நின்றார்கள்? நான்சி மேஸ், பீட்டர் ராபின்ஸ் இருவரும் 1981இல் அமெரிக்காவில் இந்தக் குடும்பங்களுக்காக எழுதிய கையேட்டுக்கு வைத்த பெயர் '36 மணி நேர நாள்'. மறதிநோய் கண்டவருக்கு உறவினர்கள் செலவிடும் நேரம் உலக அளவில் சராசரியாகத் தினமும் 5 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் 70 சதவீதம் பெண்களுடைய நேரம். சராசரி என்பது ஏமாற்றும். நோய் முற்றிய வீட்டில் ஐந்து மணி நேரம் என்பது காலை குளியலோடும் பலகாரத்தோடும் முடிந்துவிடும். அதற்குமேல் சமையல், பிள்ளைகள், வேலை. அவர் தூங்கினால்தான் இவர் உட்கார முடியும். அந்த நேரத்தில் போனை எடுத்து, கடவுச்சொல்லை நினைவுபடுத்தி, ஏழாவது பாடத்தை எங்கே விட்டோம் என்று தேடுவதைவிட, சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவதுதான் யாருக்கும் தோன்றும். பாடம் 'எப்போது வேண்டுமானாலும்' கிடைக்கிறது என்பதே சிக்கல். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற வேலை, இந்த வீடுகளில் எப்போதும் நடப்பதில்லை.

போன் யார் கையில் இருக்கிறது என்பது அடுத்தது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் இந்தியாவில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அந்த ஆய்வு பெண்களில் 49 வயது வரையில்தான் கேட்டது என்பதை மறக்கக் கூடாது. கணவரைப் பார்த்துக்கொள்ளும் அறுபத்தைந்து வயது மனைவி அந்தக் கணக்கிலேயே இல்லை. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொன்னது. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம் என்றும் சொன்னது. பயிற்சி எங்கே எளிதாகப் போய்ச் சேருமோ அங்கே நோய் குறைவு. நோய் அதிகமுள்ள இடத்தில் பயிற்சி போய்ச் சேருவது கடினம்.

இன்னொரு தடை கருவியைச் சார்ந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் மூப்பில் புத்தி தடுமாறியவரைப் பற்றி 'அறளை பேர்ந்திட்டுது' என்பார்கள். நம் ஊர்களில் 'சின்னக் குழந்தை மாதிரி ஆயிட்டார்', 'புத்தி மாறிடுச்சு' என்பார்கள். காசியில் களஆய்வு செய்த மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹன், அறுபது என்ற எண்ணிலிருந்து பிறந்த ஓர் இந்திச் சொல்லைக் காட்டுகிறார். அறுபது ஆனதால் அறிவு தடுமாறிவிட்டது என்று பொருள். 1998இல் வந்த அவருடைய நூலின் துணைத்தலைப்பில் 'கெட்ட குடும்பம்' என்ற தொடர் வருகிறது. ஒரு பெரியவர் நிலைதடுமாறினால் ஊர் முதலில் கேட்பது அவர் மூளைக்கு என்ன ஆனது என்றல்ல, பிள்ளைகள் அவரை எப்படி வைத்திருந்தார்கள் என்பதையே. நமக்கு இது புதிதல்ல. "எனக்குச் சோறே போடலை" என்று பத்து நிமிஷத்துக்கு முன் சாப்பிட்டவர் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லும்போது, அந்த வீட்டு மருமகள் எந்த மருத்துவ விளக்கத்தைச் சொல்லித் தப்பிப்பார்? பார்த்துக்கொள்பவர்களுக்கான ஆதரவுக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் வர மாட்டார்கள். வெளியே சொன்னால் வீட்டுக்கு அவமானம்.

இணையவழிக் கல்வியின் உண்மையான பலம் இங்கே தெரிகிறது. யாருக்கும் தெரியாமல் படிக்கலாம். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். தன் வீட்டில் நடப்பது இன்னொரு வீட்டிலும் நடக்கிறது என்பதை முகம் காட்டாமல் தெரிந்துகொள்ளலாம். கொரோனா ஊரடங்கில் ஆதரவுக் கூட்டங்கள் சூம் திரைக்கு மாறியபோது, அதுவரை எந்தக் கூட்டத்துக்கும் போக முடியாதவர்கள் ஓரத்தில் ஒரு பெயராக மட்டும் வந்து உட்கார முடிந்தது. வீட்டில் இருப்பவரை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் அல்ல.

இனி அந்த 55 பேரிடம் கண்டதைச் சொல்ல வேண்டும். மனச்சோர்விலும் சுமையிலும், ஐசப்போர்ட் படித்தவர்களுக்கும் வெறும் மின்னூல் மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒன்றில் மட்டும் மாற்றம் தெரிந்தது. நோயாளியை நோயாளியாக அல்லாமல் ஒரு மனிதராகப் பார்க்கும் மனப்பாங்கு பயிற்சி பெற்றவர்களிடம் கூடியிருந்தது.

ஆய்வின் நோக்கில் பார்த்தால் இது தோல்விக்கு நடுவே கிடைத்த ஆறுதல் பரிசு போலத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரிட்டனில் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டாம் கிட்வுட் 1997இல் 'டிமென்ஷியா ரீகன்சிடர்டு' என்ற நூலில் வலியுறுத்தியது இதைத்தான். மூளையில் நடக்கும் சேதத்தோடு, சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதமும் சேர்ந்துதான் அந்த மனிதரைக் கரைக்கிறது என்றார் அவர். கெட்ட எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால் நடப்பவை அவை: அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுவது, அவசரப்படுத்துவது, குழந்தையைப் போல அதட்டுவது, அவரால் செய்யக்கூடியதையும் பிடுங்கிச் செய்வது. முருங்கைக்கீரை உருவத் தெரிந்த கையை நாம் சும்மா உட்காரச் சொல்லிவிடுகிறோம். உருவிய கீரையில் பாதிக் காம்பு இருக்கும், திரும்ப ஆய வேண்டியிருக்கும், நேரம் வீணாகும். ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் இந்த வீட்டின் ஆள். ஒரு திரையும் சில பாடங்களும் மூன்று மாதத்தில் இந்தப் பார்வையைக் கொஞ்சமேனும் மாற்றின என்றால், அறிவைக் கொண்டுசேர்க்கும் வேலையை இணையம் செய்துவிடும் என்றுதான் நான் படிக்கிறேன். சுமையைத் தூக்கும் வேலையை அதனால் தனியாகச் செய்ய முடியவில்லை. பார்வை மாறியவருக்கும் இரவில் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதே.

பார்த்துக்கொள்பவர்களின் வேதனை குறைந்த இடம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு, அதுவும் இணையம் இல்லாமல். 1998இல் 10/66 என்ற விசித்திரமான பெயரில் ஓர் ஆய்வுக் குழு தொடங்கியது. அன்றைய மதிப்பீட்டின்படி உலகின் மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வோ மொத்தத்தில் 10 சதவீதம்கூட இருக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். சென்னை நகரமும் வேலூர்க் கிராமங்களும் அவர்களுடைய கணக்கெடுப்புக் களங்களில் இருந்தன. இந்தக் குழு வகுத்த எளிய பயிற்சி ஐந்து அமர்வுகள் கொண்டது, ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம். முதலில் குடும்பத்தைத் தெரிந்துகொள்வது, அடுத்த இரண்டில் நோயைப் பற்றிச் சொல்வது, கடைசி இரண்டில் அந்த வீட்டில் உள்ள குறிப்பிட்ட சிக்கலைக் கையாளக் கற்றுக்கொடுப்பது. மருத்துவர் தேவையில்லை, சுகாதாரப் பணியாளரே செய்யலாம்.

இதே திசையில் கோவாவில் அமித் டயஸ், விக்ரம் படேல் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. 81 குடும்பங்கள். உள்ளூர் மொழி தெரிந்த, மேல்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்து 'வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்' ஆக்கினார்கள். இவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வீடு தேடிப் போனார்கள். பின்னால் ஒரு மனநல மருத்துவரின் துணை இருந்தது. ஆறு மாத முடிவில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தேறியிருந்தது. நோயாளியின் தொல்லைதரும் நடத்தை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை; ஆனால் அந்த நடத்தையால் இவர்கள் படும் வேதனை குறைந்திருந்தது. கடிப்பது நிற்கவில்லை, கடிபட்டவர் உடைந்துபோவது குறைந்தது என்று சொல்லலாம்.

கோவாவில் சொல்லப்பட்டதில் ஐசப்போர்ட்டில் இல்லாதது அதிகம் இருக்க முடியாது. சொன்னவர் மட்டும்தான் வேறு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "போன தடவை சொன்னீங்களே, ராத்திரி எழுந்திருக்கிறது, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கும் ஒருவர்.

பாடத்தைவிடச் சொல்லும் ஆள்தான் முக்கியமோ என்ற சந்தேகத்தோடு வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்தால் ஒரே நூல் ஓடுவது தெரிகிறது. நெதர்லாந்தில் இணையவழியாக எட்டுப் பாடம் நடத்தினார்கள். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் வீட்டுப்பாடம் எழுதி அனுப்ப வேண்டும், ஒரு பயிற்றுநர் அதைப் படித்துப் பதில் எழுதுவார், அதன் பிறகுதான் அடுத்த பாடம் திறக்கும். 2015இல் வெளியான முடிவுகளில் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. லண்டனில் கில் லிவிங்ஸ்டன் குழு 260 பேரிடம் நடத்திய ஆய்வில் உளவியல் பட்டதாரிகள் எட்டு முறை நேரில் பேசினார்கள்; விளைவு இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நின்றது. உலகெங்கும் நடந்த 26 ஆய்வுகளை, 2,367 பேரின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. தொலைவிலிருந்து தரும் பயிற்சியும் ஆதரவும், வெறும் தகவல் கொடுப்பதோடு ஒப்பிட்டால் சுமையையும் மனச்சோர்வையும் சற்றுக் குறைக்கலாம். வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெறும் தகவல் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இடையில் விலகுவதும் கூடுகிறது. மற்ற 96 பேரும் பெங்களூரில் மட்டும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மேன் குழு செய்த வேலை. கணவரையோ மனைவியையோ பார்த்துக்கொண்டிருந்த 406 பேர். அவர்களுக்குத் தனியாகவும் குடும்பத்தோடும் சேர்த்து ஆறு ஆலோசனை அமர்வுகள், பிறகு ஆதரவுக் குழு. இவற்றோடு, எப்போது தேவைப்பட்டாலும் தொலைபேசியில் ஆலோசகரைக் கூப்பிடலாம். 2006இல் வெளியான முடிவின்படி, இந்த உதவி கிடைத்த வீடுகளில் நோயாளியை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் நாள் சுமார் 557 நாள் தள்ளிப்போனது. ஒன்றரை வருஷம்! எந்த மருந்துக் கம்பெனியாவது தன் மாத்திரைக்கு இப்படி ஒரு எண்ணைக் காட்டியிருந்தால் ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கும்.

அந்த ஆறு அமர்வுகளில் நான்கு குடும்பத்தார் கூடிப் பேசுபவை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் உள்ள இணையப் பாடங்கள் பெரும்பாலும் ஒருவரை நோக்கித்தான் பேசுகின்றன: 'பார்த்துக்கொள்பவர்' என்ற தனி ஆள். நம் வீடுகளில் பார்த்துக்கொள்பவர் ஒருவர், தீர்மானிப்பவர் இன்னொருவர், பணம் அனுப்புபவர் மூன்றாமவர், குறை சொல்பவர் மீதி எல்லாரும். சிகாகோவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் வீடியோவில் பேசுவான். அந்தப் பத்து நிமிஷமும் அம்மா தெளிவாக இருப்பார். சாப்பிட்டாயா, குழந்தைகள் சுகமா என்று கேட்பார். "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீ ஏன் பெரிசுபடுத்தறே?" என்பான். விருந்தாளியிடமும் தொலைபேசியிலும் சற்று நேரம் நிமிர்ந்து நிற்க முடிவது இந்த நோயின் இயல்பு. அது தெரியாததால் உடைந்துபோன உறவுகளை நான் அறிவேன்.

இணையம் வேறு எதனாலும் செய்ய முடியாததைச் செய்யக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தஞ்சாவூர் அக்காவையும் சிகாகோ தம்பியையும் சென்னைத் தங்கையையும் ஒரே திரையில் உட்கார வைத்து, ஒரு சமூகப் பணியாளர் நடுவில் இருந்து, இரவுகள் எப்படிக் கழிகின்றன என்று அக்காவைச் சொல்லச் சொல்லலாம். யார் எந்த மாதம் வந்து இருப்பது, இரவுக்கு ஆள் வைக்க யார் எவ்வளவு கொடுப்பது, அக்கா எப்போது ஒரு வாரம் வெளியூர் போவது என்று பேசி முடிக்கலாம். அதற்கு 23 பாடம் வேண்டாம். நான்கு ஞாயிற்றுக்கிழமை போதும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்தான் இணையத்தில் மணிக்கணக்காக இந்த நோயைப் பற்றிப் படிப்பவர்கள். படித்ததையெல்லாம் அக்காவுக்கு அனுப்பிவைப்பவர்கள். பாடம் அவர்களுக்கும்தான் தேவை, வேறு வகையில்.

தமிழில் இப்படி ஒன்றைக் கட்டுவதானால், முதலில் அது பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும், கண்ணுக்கல்ல காதுக்கு. இட்லி ஊற்றிக்கொண்டே கேட்கிற மாதிரி ஐந்து நிமிஷக் குரல் பதிவு, வாட்ஸ்அப்பில். கடவுச்சொல் வேண்டாம். ஒன்று முதல் இருபத்துமூன்று வரை வரிசையாகப் படிக்க வேண்டிய பாடத்திட்டத்தையும் கைவிட வேண்டும். இன்றைக்குக் குளிக்க மாட்டேன் என்கிறார் என்றால், இன்றைக்கு வேண்டியது குளியல் பாடம்தான். குளியலறைத் தரையின் பளபளப்பு ஈரம் போலத் தெரிந்து அவரைப் பயமுறுத்துகிறதா, தலையில் திடீரென்று ஊற்றும் தண்ணீர் திகைக்க வைக்கிறதா, உடம்பை மகன் பார்ப்பது கூச்சமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி, காலிலிருந்து மெல்ல ஊற்று, ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டே குளிக்க விடு, நாளைக்குக் குளித்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஒருவர் சொல்ல வேண்டும். நாளைக்குக் குளித்தாலும் ஒன்றும் ஆகாது என்பதை யாராவது வாய்விட்டுச் சொன்னாலே பாதி வீடுகளில் சண்டை ஓயும்.

இரண்டாவது, பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும். பதிவைக் கேட்டவரை வாரம் ஒரு முறை திரும்பக் கூப்பிடும் ஒருவர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கான வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. கோவாவில் போன ஆலோசகர்களுக்கு ஒரு வாரப் பயிற்சிதான் தரப்பட்டது. ஏற்கெனவே வாசலில் நிற்கும் இந்தப் பெண்களுக்கு அந்த ஒரு வாரத்தைக் கொடுப்பது முடியாத காரியமா? 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவி இரவும் பகலும் இயங்குகிறது. அப்பா தூங்கவில்லை, நானும் நாலு நாளாகத் தூங்கவில்லை என்று நள்ளிரவில் கூப்பிடும் ஒரு மகளுக்கு என்ன சொல்வது என்று அந்த ஆலோசகர்களுக்கும் கற்றுத்தர வேண்டும்.

பயிற்சி கிடைக்காத வீடுகள் சும்மா இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமைதிப்படுத்த மாத்திரை கேட்டு வாங்குகிறார்கள். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் மறதிநோய் கண்ட முதியவர்களிடம் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. சில சமயம் மருந்து தவிர்க்க முடியாததுதான், மருத்துவர் எடைபோட்டுக் கொடுக்க வேண்டியது. ஆனால் இரவுத் தொந்தரவுக்குப் பகல் தூக்கமோ சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமா என்று பார்க்கத் தெரியாத வீட்டில் மாத்திரைதான் முதல் வழியாகிறது. இன்னொரு பக்கம் யூடியூபில் ஞாபக சக்தியை மீட்டுத் தருவதாகச் சொல்லும் லேகியங்களும் எண்ணெய்களும் குவிந்து கிடக்கின்றன. நல்ல பாடத்தைத் தேடி இணையத்துக்குள் போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது அவற்றின் மேல்தான். நம்பத் தகுந்த ஒரு தமிழ்க் குரல் அங்கே இல்லாத ஒவ்வொரு மாதமும் அவை விற்றுக்கொண்டிருக்கும்.

பெரியம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி ஒரு வருஷம் அக்கா ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார். யாரோ மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் நின்றவர் சேர்த்துவிட்டது. காரியம் முடிந்ததும் குழுவை விட்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. போன மாதம் நான் அங்கே தங்கியிருந்தபோது இரவு ஒன்றரை மணிக்கு அடுக்களையில் வெளிச்சம் தெரிந்தது. தூக்கம் இன்னும் அந்த நேரத்தில் கலைந்துவிடுகிறதாம். போனை வாய்க்கு அருகில் வைத்து யாருக்கோ மெதுவாகப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"கதவைப் பூட்டாதம்மா, பயந்துடுவார். அந்த வீட்டுல யார் யார் இருப்பாங்கன்னு கேளு. கேட்டுட்டு எனக்குச் சொல்லு."